ஆல்வின் குரல் தகரச் சத்தமாக வருகிறதா?

உங்கள் குரலை கார்ட்டூன் அணில் ஆல்வினின் கீச்சுக்குரலாக மாற்ற, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுருதியை மட்டும் மாற்றும் 'சேஞ்ச் பிட்ச்' வேண்டாம். வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' எடுத்து, மல்டிப்ளையரை (வேகம் எத்தனை மடங்கு என்பதை) 2 என்று வையுங்கள். சிப்மங்க் ஆல்வின் குரல் தகரத்தைத் தட்டியது போல வருகிறது என்றீர்களே, நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் அவ்வளவு ஏற்றியதுதான் காரணமாக இருக்கும்.

ஆல்வினை உருவாக்கிய ராஸ் பாக்தசாரியன் 1958-இல் டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, மெதுவாகப் பாடிப் பதிந்து, முழு வேகத்தில் ஒலிக்கவிட்டார். அருமையான யோசனை!

நீங்களும் மெதுவாகப் பேசியே பதியுங்கள். 'வாாாங்க' என்று உயிரொலியை இழுங்கள். சொற்களுக்கு நடுவே நிறுத்தினால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். வழக்கமாக 4 வினாடியில் சொல்லும் வாக்கியம் பதிவில் 8 வினாடி வந்திருக்கிறதா பாருங்கள்.

பதிவது பெண் குரல், சிறுவர் குரல் என்றால் 2 மடங்கு அதிகம். 1.5-இல் தொடங்குங்கள், அப்போது 6 வினாடி போதும்.