எண்ணெய் வடியும் முகத்துக்கு ஸ்குவாலேன் எண்ணெய் பூசலாமா?

தாராளமாகப் பூசலாம். எனக்கும் எண்ணெய்ப் பசைச் சருமம்தான். சென்னைப் புழுக்கத்தில் இருந்துகொண்டே இரவில் இதைப் பூசி வருகிறேன். ஆனால் இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு பூச வேண்டும்.

இது ஈரம் கொடுக்கும் பொருள் இல்லை. தோலின் மேலடுக்கில் காய்ந்து நிற்கும் செதில்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பி மிருதுவாக்கும்; ஏற்கெனவே உள்ள ஈரம் சட்டென்று ஆவியாகாமல் ஓரளவு காக்கும். வறண்ட முகத்தில் இதை மட்டும் தடவினால் மேலே பளபளப்பு இருக்கும், உள்ளே இறுக்கம் அப்படியேதான் இருக்கும். பலர் "ஒன்றும் பலனில்லை" என்று பாட்டிலை ஓரங்கட்டுவது இதனால்தான். முகம் கழுவி, துண்டால் லேசாக ஒற்றி, ஈரம் காய்வதற்குள் கிளிசரின் உள்ள மாய்ஸ்சரைசரைப் பூசிவிடுங்கள். அப்புறம் இரண்டே சொட்டு ஸ்குவாலேன். உள்ளங்கையில் விட்டால் தண்ணீர் போலப் பரவும். இரு கைகளையும் சேர்த்துத் தேய்த்து, முதலில் கன்னம், பிறகு வாயோரம், கையில் மிச்சம் இருப்பது மட்டும் நெற்றிக்கு. மூக்குப் பக்கம் நான் போவதே இல்லை. அங்கே இயற்கையாகச் சுரப்பதே போதும்.

நம் தோலில் சுரக்கும் எண்ணெயிலேயே பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஸ்குவாலீன் ('லேன்' இல்லை, 'லீன்') என்ற பொருள்தான். அது காற்றும் வெயிலும் பட்டால் கெட்டுப்போகும். அதோடு ஹைட்ரஜன் சேர்த்து நிலைப்படுத்தியதுதான் பாட்டிலில் வரும் ஸ்குவாலேன். அதனால் எளிதில் சிக்குவாடை வராது, நிறமும் கிடையாது, பிசுபிசுப்பும் குறைவு.

"தேங்காய் எண்ணெய் இருக்கும்போது இது எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். கை கால் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் அருமையானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. முகம் வேறு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். பரு வரும் முகத்தில் துளைகளை அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஸ்குவாலேனில் கொழுப்பு அமிலமே கிடையாது.

பருவுக்காக மருத்துவர் அடாபலீன் போன்ற களிம்பு எழுதிக் கொடுத்து, தோல் உரிந்து எரிகிறதா? அப்போதுதான் இதன் அருமை தெரியும். வாயோரத்திலும் தாடையிலும் அந்த வறட்சி நன்றாகவே தணியும். ஆனால் பருவை இது குணமாக்காது. களிம்புக்குப் பதிலாக இதைப் பூசி ஏமாற வேண்டாம்.

பகலில் வேண்டாம் என்பேன். எண்ணெய்க்கு மேல் சன்ஸ்கிரீன் பூசினால் சீராகப் படியாமல் திட்டுத் திட்டாக நிற்கலாம். வெயிலுக்கு அதுதான் முக்கியம்.

வாங்கும்போது மூலப்பொருளைப் பாருங்கள். இதற்கு மூலமான ஸ்குவாலீனை 1906இல் ஜப்பானிய வேதியியலாளர் சுஜிமோட்டோ சுறா ஈரல் எண்ணெயில்தான் கண்டறிந்தார். ஆழ்கடல் சுறாக்களை இதற்காகவே இன்றும் பிடிக்கிறார்கள். ஆலிவிலிருந்தும், கரும்புச் சர்க்கரையை நொதிக்க வைத்தும் எடுப்பது தாராளமாகக் கிடைக்கும்போது சுறா எதற்குச் சாக வேண்டும்? தாவர மூலம் என்று தெளிவாக அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். வாசனை சேர்த்தது வேண்டாம். முதலில் காதுக்குப் பின்னால் சில நாள் தடவிப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போங்கள்.