பண்ணை இல்லாத பண்ணையார்

கேள்வி: அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல மாட்டுப் பண்ணை வெச்சவங்க அவ்ளோ நிலத்தை எப்படி வாங்கினாங்க? இன்னும் அவங்க கையிலதான் இருக்கா? – ஒரு வாசகர்

பதில்: பண்ணையா? இந்த ஒரு வார்த்தைக்காக எங்க ப்ரூஃப் ரீடருக்கும் எனக்கும் பத்து வருஷமா சண்டை சார். நான் 'ரான்ச்'னு எழுதுவேன், அவர் 'பண்ணை'ன்னு மாத்திடுவார். கோழிப்பண்ணை, காளான் பண்ணைன்னா சுத்தி ஒரு வேலியாவது இருக்கும்யா, 1880 வாக்குல வயோமிங் மாட்டு முதலாளிக்கு என்ன இருந்துச்சு? ஓடைக்கரையில ஒரு 160 ஏக்கர், அதுவும் 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்துல பல பேர் வேலைக்காரன் பேர்ல போட்டு வாங்கினது. வறண்ட ஊரு, தண்ணி யார் கையிலயோ சுத்துவட்டாரப் புல்லும் அவன் கையில, அவ்ளோதான் கணக்கு. புல்லு வளர்ற நிலம் சர்க்காருது, அதுக்கு முன்னாடி ஷோஷோனி, அரபஹோ, லகோட்டா மக்களோடது. முதலாளிக்குன்னு சொந்தமா இருந்தது மாட்டு மேல போட்ட சூடு மட்டும்தான். வாங்கினாங்களாம்!

அந்த மாட்டையும் யாரும் ஒழுங்கா எண்ணல. லண்டன்லயும் எடின்பரோவுலயும் உக்காந்துகிட்டு கணக்குப் புத்தகத்துல இருந்த எண்ணிக்கையைப் பாத்து பணம் போட்டாங்க. 1886-87 பனிக்காலத்துல மாடுங்க கூட்டம் கூட்டமா செத்துது. அதுக்கு முன்னாடி ஒரு பனிப்புயலப்போ ஷையென் நகரத்து சாராயக்கடைக்காரர் ஒருத்தர், கவலைப்படாதீங்கப்பா, எவ்ளோ குளிர் அடிச்சாலும் கணக்குப் புத்தகம் விறைச்சுப் போகாதுன்னு சொன்னதா ஒரு கதை உண்டு. எங்க பத்திரிகை விற்பனைக் கணக்கைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆளு ஞாபகம்தான் வரும், அதை விடுங்க.

சூடு போடாத கன்னுக்குட்டி யாருக்குன்னு அடுத்த தகராறு. 1884ல சட்டம் போட்டு முதலாளிங்க சங்கத்துக்கேன்னு ஆக்கிட்டாங்க, சின்ன ஆளு பிடிச்சா திருடன். அது முத்தி 1892 ஏப்ரல்ல முதலாளிங்க டெக்சாஸ்லேருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரங்களைக் கூட்டிட்டு ரயில் ஏறி ஜான்சன் கவுண்டிக்கு (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) போனாங்க, சின்ன ஆளுங்கள்ல நேட் சாம்பியன்னு ஒருத்தர் ஒரு குடிசைக்குள்ள இருந்து பொழுதுக்கும் சுட்டுகிட்டே நோட்டுல குறிப்பும் எழுதிட்டிருந்தாரு, கடைசியில குடிசைக்குத் தீ வெச்சு வெளிய வரவெச்சு கொன்னாங்க. ஊர்க்காரங்க திரண்டு வந்து இந்தக் கும்பலை வளைச்சப்போ ஜனாதிபதி ஹாரிசன் அனுப்பின குதிரைப்படை வந்து காப்பாத்துச்சு, யாரை? கொன்னவங்களை! ஒருத்தருக்கும் தண்டனை இல்ல.

சரி, ரெண்டாவது கேள்வி. ரயில் கம்பெனிக்கு 1860கள்ல பாதையோரமா ஒரு மைல் சதுரம் விட்டு ஒரு மைல் சதுரமா நிலம் குடுத்தாங்க, அதனால தெற்கு வயோமிங் மேப்பைப் பாத்தா செஸ் போர்டு மாதிரி இருக்கும். வெள்ளைக் கட்டம் தனியாருது, கறுப்புக் கட்டம் சர்க்காருது, மூலை மட்டும்தான் தொட்டுக்கும். 2021ல மிசூரிலேருந்து மான் வேட்டைக்கு வந்த நாலு பேரு அந்த மூலையில ஏணி வெச்சு, தனியார் மண்ணுல கால் படாம ஒரு சர்க்கார் கட்டத்துலேருந்து இன்னொண்ணுக்கு இறங்கினாங்க. என் நிலத்துக்கு மேல இருக்கிற காத்து வழியா போயிட்டான்னு நிலத்துக்காரர் மில்லியன் கணக்குல நஷ்டஈடு கேட்டாரு! 2025 மார்ச்ல அப்பீல் கோர்ட்டு ஏணிக்காரங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. எந்தச் சட்டத்தை வெச்சு? பழைய மாட்டு முதலாளிங்க பொது நிலத்தை வேலி போட்டு அடைச்சுக்கிட்டதைத் தடுக்க 1885ல வந்த சட்டம்.

இன்னைக்கும் மாநிலத்துல கிட்டத்தட்ட பாதி சர்க்கார் நிலம்தான். அதுல ஒரு பசுவும் கன்னும் ஒரு மாசம் மேய 2019லேருந்து 2025 வரைக்கும் 1.35 டாலர் வாடகை. அந்தக் காசுக்கு எங்க ஆபீஸ் எதிர்த்தாப்ல ஒரு பிளேட் பிரியாணி வராது. ப்ரூஃப் ரீடர் அய்யா, இந்தப் பக்கத்துல கை வெக்காதீங்க.