அந்த மரப்பெட்டிக்குள் எவ்வளவு நேரம்?

போன இதழில் முதுகுப் பிடிப்பு பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, இன்ஃப்ராரெட் சானாவில், அதாவது வெப்பப் பலகைகள் பதித்த மரப்பெட்டிக்குள், வியர்க்க உட்கார்ந்தாலும் கொஞ்சம் இதமாக இருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். முதுகைப் பற்றி எழுதியவர்கள் இரண்டே பேர், மற்ற எல்லாக் கடிதங்களும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதையே பார்ப்போம்.

கேள்வி: டாக்டர், இன்ஃப்ராரெட் என்றால் கதிர்வீச்சு என்கிறார்களே, எக்ஸ்ரே மாதிரி உடம்பை ஊடுருவிப் போகுமா? எலும்பு வரைக்கும் சூடு இறங்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள்.

பதில்: கதிர் என்ற சொல்தான் பயமுறுத்துகிறது. அடுப்புப் பக்கம் குனிந்தால் முகத்தில் அடிக்கிறதே அனல், அது இதே இன்ஃப்ராரெட், தமிழில் அகச்சிவப்புக் கதிர்தான். 1800இல் வில்லியம் ஹெர்ஷெல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் வண்ணம் வண்ணமாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்திலும் பாதரசம் ஏறியது. எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிப் போடும் சக்தி இதற்குக் கிடையாது. சூடாக்கும், அவ்வளவுதான். நம் உடம்பே நாள் முழுக்க இதை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வழக்கமான சானாவில் காற்றை 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அந்தக் காற்று நம்மைச் சுடவைக்கும். இன்ஃப்ராரெட் பெட்டியில் பலகைகளிலிருந்து வரும் வெப்பம் நேராகத் தோலில் விழுகிறது, அதனால் உள்ளே 45 முதல் 60 டிகிரி இருந்தாலே வியர்த்துக் கொட்டும். மூச்சு முட்டாது என்பதால் பலருக்கு இது பிடித்திருக்கிறது.

எலும்பு வரைக்கும் என்பது கதை. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் வருவது தொலை அகச்சிவப்பு, அதாவது சிவப்பு நிறத்திலிருந்து தள்ளியிருக்கும் வகை. அது தோலின் மேல்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். சிவப்பை ஒட்டியிருக்கும் அருகு அகச்சிவப்பு சில மில்லிமீட்டர் போகும். அதற்குக் கீழே வெப்பத்தைக் கொண்டுபோவது உங்கள் ரத்த ஓட்டம்தான். என்னைக் கேட்டால் இதை உடம்பு முழுவதற்குமான ஒரு பெரிய ஒத்தடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒத்தடத்தால் என்ன நடக்குமோ அது நடக்கும். ஒத்தடத்தால் நடக்காதது இதிலும் நடக்காது.

கேள்வி: வியர்வையில் உடம்பின் நச்சு எல்லாம் வெளியேறிவிடும் என்கிறார் என் யோகா தோழி. துண்டில் மஞ்சளாகக் கறை படிவதைக்கூடக் காட்டினார்.

பதில்: தோழியிடம் எந்த நச்சு என்று ஒரு பெயர் கேட்டுப் பாருங்கள். வியர்வையில் இருப்பது தண்ணீர், உப்பு, கொஞ்சம் பொட்டாசியம், யூரியா இன்னும் சில. வேறு பொருள்களும் மிக மிகக் கொஞ்சமாக வரலாம், ஆனால் கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் உங்களிடம் ஒரு காசு வாங்காமல் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. அளவுக்கு மீறி வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் கஷ்டப்படுவதும் அதே சிறுநீரகம்தான். துண்டைத் துவைத்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: அரை மணி நேரத்தில் 600 கலோரி எரியுமாமே? எனக்கு ஒரே நாளில் 700 கிராம் குறைந்தது, நானே எடை பார்த்தேன்.

பதில்: எடைக் கருவி பொய் சொல்லவில்லை. நீங்கள் 700 மில்லி வியர்வையை விட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை வெளியே வந்து எடை பார்த்ததும் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அதே கருவியில் மறுபடியும் ஏறி நில்லுங்கள், போன எடை திரும்பி வந்திருக்கும். வரவும் வேண்டும்! வெப்பத்தில் இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கலோரி சற்று கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மை, ஆனால் 600 என்பது நன்றாக மூச்சு வாங்க அரை மணிக்கு மேல் ஓடுகிறவருக்கான கணக்கு. பெட்டிக்குள் உட்கார்ந்து போன் பார்ப்பவருக்கு அது வராது.

கேள்வி: எனக்கு முடக்குவாதம். காலையில் விரல்களை மடக்கவே அரை மணி நேரம் ஆகிறது. சானா பலன் தருமா? மாத்திரையைக் குறைக்கலாமா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: குறைக்காதீர்கள். முடக்குவாத மாத்திரை வலிக்கு மட்டுமானது இல்லை, மூட்டு அரிக்கப்படாமல் காப்பது அது. அந்த வேலையை எந்தச் சூடும் செய்யாது.

முதல் கேள்விக்கு ஆமாம், ஓரளவு. நெதர்லாந்தில் முடக்குவாதக்காரர்கள் 17 பேரையும், முதுகெலும்பு இறுக்க வாதம் உள்ள 17 பேரையும் வைத்து நான்கு வாரம், வாரம் இரண்டு முறை இன்ஃப்ராரெட் சானாவில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்து எழுந்ததும் வலியும் விறைப்பும் குறைந்தன, நோய் முற்றவும் இல்லை. ஆனால் அந்தச் சுகம் நீடிக்கவில்லை. 34 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் என்னிடம் வருகிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: அன்றைக்குப் பொழுது நன்றாகப் போகும், இரண்டு நாளில் விரல் பழையபடி ஆகிவிடும். அந்த நல்ல ஒரு மணி நேரத்தில் சும்மா படுத்துவிடாமல் கை விரல் பயிற்சிகளைச் செய்யுங்கள். மூட்டு சிவந்து வீங்கி, தொட்டாலே கொதிக்கிற நாட்களில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: வயது 61. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, அதில் ஒன்று நீர் பிரிய. மகள் வீட்டில் சானா வாங்கி வைத்துவிட்டு, "அப்பா, இதயத்துக்கு ரொம்ப நல்லது, தினமும் உட்காருங்க" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: மகள் எதைப் படித்திருப்பார் என்று தெரிகிறது. பின்லாந்தின் கிழக்குப் பகுதியில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் இருபது வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. வாரம் ஒரு முறை சானாவுக்குப் போனவர்களைவிட நான்கு முதல் ஏழு முறை போனவர்களிடம் திடீர் இதய மரணம் கணிசமாகக் குறைவு. நல்ல சேதிதான். ஆனால் அது 80 டிகிரி அளவில் இருக்கும் பழைய முறை சானா, இன்ஃப்ராரெட் பெட்டி இல்லை. அப்புறம், வாரம் ஏழு நாளும் சானாவுக்குப் போக முடிகிறவர் ஆரம்பத்திலேயே கொஞ்சம் திடமானவராக இருக்கலாம். புள்ளிவிவரத்தால் இதை முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமானது ஜப்பானில் நடந்தது. அங்கே இதயம் பலவீனமான நோயாளிகளுக்கே வாவொன் என்ற பெயரில் தொலை அகச்சிவப்பு அறையில் வெப்பச் சிகிச்சை கொடுக்கிறார்கள். 60 டிகிரியில் 15 நிமிடம். பிறகு கம்பளி போர்த்தி 30 நிமிடம் படுக்கவைப்பார்கள். முன்னும் பின்னும் எடை பார்த்து, எடை எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். கவனித்தீர்களா, உள்ளே இருப்பதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஓய்வுக்கு! இவ்வளவும் மருத்துவர் கண்பார்வையில். நம் ஆட்கள் 45 நிமிடம் வியர்த்துவிட்டு நேராக எழுந்து கார் சாவியைத் தேடுகிறார்கள்.

ஆகவே ரத்த அழுத்தம் இருப்பதாலேயே கூடாது என்று சொல்லமாட்டேன். எனக்குக் கவலை உங்கள் மாத்திரைகள்தான். வெப்பத்தில் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும். மாத்திரையும் அதையே செய்கிறது. நீர் மாத்திரை ஏற்கெனவே நீரை இறக்குகிறது, வியர்வை இன்னும் இறக்குகிறது. இத்தனையும் சேர்ந்திருக்கும்போது நீங்கள் சட்டென்று எழுந்து நிற்கிறீர்கள், அந்த நொடியில்தான் ஆபத்து. எனக்கே நடந்திருக்கிறது. முதல் தடவை, டாக்டர்தானே என்ற தெம்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். மரத்தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, காது அடைத்தது, கதவுப் பிடியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். வியர்வையில் அந்தப் பிடி வழுக்கியது இன்னும் உள்ளங்கையில் ஞாபகம் இருக்கிறது. நான் எந்த மாத்திரையும் சாப்பிடாதவன்.

உங்களுக்கு மாத்திரை எழுதிய மருத்துவரிடம் இந்தக் கேள்வியையே கேளுங்கள். அவர் சரி என்றால் 45 டிகிரியில் பத்தே நிமிடத்தில் தொடங்குங்கள், சில வாரம் போன பிறகு 15, அதிகபட்சம் 20. வாரம் இரண்டு மூன்று முறை போதும், தினமும் வேண்டாம். நீர் அளவு கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் தவிர, போகுமுன் ஒரு டம்ளர், வந்து ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடும் வேண்டாம். வீட்டில் யாராவது இருக்கும்போது மட்டும். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே இரண்டு நிமிடம் உட்கார்ந்திருங்கள், பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து, வெளியே வந்து மறுபடியும் உட்காருங்கள். நெஞ்சில் பாரம், படபடப்பு, குமட்டல், தலைவலி எது வந்தாலும் டைமரைப் பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டும். நெஞ்சு பாரம் உட்கார்ந்தும் தணியவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனை.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி இன்னும் கட்டுக்குள் வராதவர்கள், இதய வால்வு மிகவும் சுருங்கியவர்கள் பெட்டிப் பக்கமே போகக் கூடாது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள நாளில் யாருமே போகக் கூடாது. மது குடித்துவிட்டுப் போவதைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம், சானா மரணங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது அதைத்தான்.

கேள்வி: நீரிழிவு பதினைந்து வருடமாக. பாதம் மரத்துப்போயிருக்கிறது. ரத்த ஓட்டம் கூடும் என்கிறார்களே?

பதில்: கூடும். ஆனால் பல பெட்டிகளில் கெண்டைக்காலுக்குப் பின்னாலேயே ஒரு வெப்பப் பலகை இருக்கும், கால் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மற்றவர் "ஐயோ" என்று காலை இழுத்துக்கொள்வார், நீங்கள் வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போது கொப்புளத்தைப் பார்ப்பீர்கள். உங்களுக்கு இது வேண்டாம் என்றே சொல்வேன். இன்சுலின் போடுகிற மற்றவர்களுக்கு: சூட்டில் இன்சுலின் வேகமாக ரத்தத்தில் கலக்கும், ஊசி போட்ட கையோடு உள்ளே போனால் சர்க்கரை இறங்கிவிடலாம். ஃபென்டானில் போன்ற வலி மருந்துப் பட்டையைத் தோலில் ஒட்டியிருப்பவர்களுக்கும் இதே ஆபத்து, இன்னும் மோசமாக. சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே இறங்கி மூச்சையே மந்தமாக்கிவிடும்.

கேள்வி: குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறோம். இருவருமே சானாவுக்குப் போகிறோம்.

பதில்: விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே அது இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். சாதாரண சானாவில் வாரம் இரண்டு முறை மூன்று மாதம் உட்கார்ந்த பத்து ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைந்தது, நிறுத்திய ஆறு மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்தது. கணவர் இப்போதைக்கு நிறுத்தட்டும். கருத்தரித்திருக்க வாய்ப்புள்ள நாட்களில் நீங்களும். முதல் மூன்று மாதத்தில் தாயின் உடல் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டுவது குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவதைப் பாதிக்கக்கூடும்.

கேள்வி: சானா போர்வை விற்கிறார்களே, அதைப் போர்த்திக்கொண்டு தூங்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: தினமும் போகிறேன். தொடையில் வலை பின்னியது போலப் பழுப்புக் கோடுகள் வந்திருக்கின்றன.

பதில்: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மிதமான சூடு பட்டால் இப்படி வரும், மடிக்கணினியைத் தொடையில் வைத்தே வேலை செய்கிறவர்களுக்கும் வருவதுண்டு. நிறுத்துங்கள், பெரும்பாலும் மெல்ல மங்கும். மங்கவில்லை, அல்லது அந்த இடம் தடித்துப் புண்ணாகிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முகத்தில் மங்கு உள்ளவர்களுக்குச் சூடு அதை இன்னும் கருக்கவைக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வீட்டுக்கு வாங்கப் போகிறோம். எஃப்.டி.ஏ. பதிவு பெற்றது, மின்காந்த அலை குறைவு என்றெல்லாம் போட்டிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: எஃப்.டி.ஏ. என்பது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அதில் பதிவு என்பது அங்கீகாரம் இல்லை, தயாரிப்பாளர் தன் பெயரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார் என்பது மட்டும்தான். மின்காந்த அலையைப் பற்றி நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளமாட்டேன், ஆனால் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இதய மருத்துவரைக் கேட்காமல் உட்காரக் கூடாது. நான் பார்ப்பது கதவைத்தான்: தாழ்ப்பாள் இல்லாமல், வெளிப்பக்கமாக, தள்ளினால் திறக்க வேண்டும். டைமர் தானாக அணைய வேண்டும். வெப்பப் பலகைக்கு முன்னால் தடுப்பு இருக்க வேண்டும். கிலோவாட் கணக்கில் மின்சாரம் இழுக்கும் சாதனம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிவிடாதீர்கள். தனி லைன், எர்த், கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எல்லாம் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஒரு முறை கதவைச் சாத்திக்கொண்டு பதினைந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.