பதில்: 'தி டோல் ஆஃப் தி சீ' நிறமும் முடிவும்

'தி டோல் ஆஃப் தி சீ' என்ற பழைய மௌனப் படத்தின் உங்கள் பிரதியில் கோளாறு எதுவும் இல்லை, வேறு பிரதி தேட வேண்டாம். கடல் நீலமாக வரவில்லை, யாராவது கணினியில் நிறம் ஏற்றினார்களா என்று கேட்டிருந்தீர்கள். அது 1922-லேயே எடுத்த அசல் நிறம். அன்றைய டெக்னிகலர் (வண்ணப் படம் எடுக்கும் முறை) கேமரா சிவப்பு, பச்சை இரண்டை மட்டும்தான் பதிவு செய்தது, அந்த இரு நிறங்களுக்கான இரண்டு படச்சுருள்களையும் முதுகோடு முதுகு ஒட்டித் திரையிட்டார்கள், சரியான நீலத்துக்கு அதில் வழியே இல்லை.

அப்புறம் முடிவு. கடைசியில் வெறும் கடல் மட்டும் வருகிறதே, வெட்டிவிட்டார்களா என்றால், இல்லை. கேமராவில் பதிவான மூலச் சுருளான அசல் நெகட்டிவில் கடைசிப் பகுதி கிடைக்கவில்லை. 1985-ல் அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத் திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டெடுத்தபோது பழைய இருநிறக் கேமராவிலேயே கலிபோர்னியக் கடற்கரையில் சூரியன் மறைவதைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள்.

நீங்கள் வேகமாக ஓட்டிவிட்டதாகச் சொன்ன, சீனக் கதாநாயகி தன் பிள்ளையை, தன்னைக் கைவிட்ட அமெரிக்கன் கார்வரின் அமெரிக்க மனைவியிடம் ஒப்படைக்கும் காட்சியை மட்டும் திரும்பப் பாருங்கள். பெற்ற மகனிடமே, அந்த அமெரிக்கப் பெண்தான் உன் அம்மா, நான் உன்னை வளர்த்த சீனத் தாதி என்கிறாள். நண்பர்கள் பேச்சைக் கேட்டு அவளை விட்டுப்போன கார்வரைக் கதை சுலபமாகத் தப்பவிடுகிறது, அதில் எனக்குக் கோபம்தான். ஆனால் அப்போது 17 வயதேயான அன்னா மே வாங், அவளாக நடித்து, அந்த முகத்தில் காட்டுவதை மறக்க முடியாது.