அரச கல்யாணத்தை டிவியில் பார்த்த பிரிட்டனில் மின்தேவை ஏன் எகிறியது?

2011 ஏப்ரல் 29 அன்று வில்லியம், கேத் தம்பதியின் சாரட்டு ஊர்வலம் பக்கிங்ஹாம் அரண்மனையை அடைந்ததும் மின்தேவை 2,400 மெகாவாட் ஏறியது எப்படி, அப்படியும் ஏன் கரண்ட் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம், டீ. பிரிட்டனில் டீக்குத் தண்ணீர் கொதிப்பது மின்கெட்டிலில். அந்த ஊர் 13 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட் வரை இழுக்கலாம், அதனால் பல கெட்டில்கள் அந்த அளவில்தான் வரும். 1 லிட்டர் கொதிக்க 2 நிமிடம். 8 லட்சம் கெட்டில்கள் ஒரே நேரத்தில் ஓடினாலே 2,400 மெகாவாட் கணக்கு வந்துவிடும். அன்று அரசு விடுமுறை, பார்த்தவர்களோ 2 கோடியே 40 லட்சத்துக்கும் மேல்.

நேரத்தையும் கவனியுங்கள். பகல் 11 மணிக்குத் தேவாலயச் சடங்கு, அது முடிந்ததும் ஊர்வலம். இடையில் எழுந்தால் எதையாவது தவறவிடுவோம் என்று யாரும் அசையவில்லை. தம்பதி அரண்மனைக்குள் போன பிறகு மாடத்தில் வந்து நிற்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தது. அடக்கி வைத்திருந்த டீ ஆசை முழுவதும் அந்த இடைவெளியில் இறங்கியது. கால்பந்து என்றால் இடைவேளை எப்போது என்று முன்பே தெரியும். கல்யாணத்தில் குதிரை வண்டி எப்போது வாசலை அடையும் என்று நிமிட சுத்தமாகச் சொல்ல முடியாது. அதனால்தான் கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர்கள் இப்படிப்பட்ட நாட்களில் நேரலையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல, மீட்டரைப் போல ஒரு கருவி.

மின்தொகுப்பு, அதாவது நாடு முழுவதையும் இணைக்கும் மின்வலை, 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓட வேண்டும், விதிப்படி 49.5 முதல் 50.5 வரை அனுமதி. லோடு ஏறும்போது உற்பத்தி கூடவே ஏறாவிட்டால் ஜெனரேட்டர்களின் வேகம் குறைந்து அதிர்வெண் சரியும். 48.8-ஐத் தொட்டால் ரிலேக்கள் எனும் தானியங்கிச் சுவிட்சுகள் சில பகுதிகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அவசரப்பட்டு முன்கூட்டியே உற்பத்தியைக் கூட்டினாலும் ஆபத்துதான், அதிர்வெண் மேலே போகும்.

அனல் மின் நிலையத்தால் அவ்வளவு சீக்கிரம் ஏற முடியாது. சில நிலையங்களை முழுத் திறனுக்குக் கீழே ஓட்டி, கொஞ்சம் இடம் விட்டு வைத்திருப்பார்கள். முதல் அடியைத் தாங்குவது வேல்ஸில் மலைக்குள் இருக்கும் டினோர்விக், நம் காடம்பாறை போன்ற நீரேற்று மின் நிலையம், அதாவது மேல் ஏரித் தண்ணீரைக் கீழ் ஏரிக்கு இறக்கி மின்சாரம் எடுப்பது. 6 டர்பைன்கள், மொத்தம் சுமார் 1,700 மெகாவாட். தண்ணீர் விடாமல் காற்றில் சுழலவிட்டுத் தயாராக வைத்திருந்தால் 12 விநாடியில் 1,320 மெகாவாட் தரும். நின்றுகிடந்த டர்பைனைக் கிளப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கெட்டில் பாதி கொதித்திருக்கும். ஆகவே எப்போது சுழலவிடுவது என்ற முடிவுதான் அன்றைய உண்மையான திறமை. சார்லஸ், டயானா திருமணம் நடந்த 1981-ல் இந்த நிலையம் இல்லை, 1984-ல்தான் திறந்தார்கள்.

ஏற்றத்தை விட இறக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொதித்ததும் கெட்டில் தானே அணையும், எல்லாரும் கோப்பையோடு மறுபடி டிவி முன் உட்காருவார்கள். சில நிமிடங்களில் அத்தனை மெகாவாட்டையும் பின்வாங்க வேண்டும். கீழ் ஏரிக்கு இறங்கிய தண்ணீரை, தேவை குறைந்த இரவில் மேல் ஏரிக்குத் திரும்ப ஏற்றுவார்கள்.