இரட்டை ஊசலும் தனி ஊசலும்

அன்புள்ள ஐயா,
பதினொன்றாம் வகுப்பு இயற்பியலுக்கு இயந்திரவியலில் ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். இரட்டை ஊசல், கைரோஸ்கோப், கவண்பொறி மூன்றில் எது கடினம்? தனி ஊசல் எல்லோரும் செய்து சலித்தது.
ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

சலித்தது என்கிறீர்களே, அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது. தனி ஊசலை நீங்கள் 5 பாகையில் ஆட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறீர்கள். கவண்பொறி தச்சு வேலை, விடுங்கள். இரட்டை ஊசல், அதாவது ஒன்றின் அடியில் இன்னொன்று தொங்கும் ஊசல், பார்க்க அழகு. ஆனால் பெரிய வீச்சில், அதாவது நடுவிலிருந்து அதிகக் கோணம் விலக்கி விட்டால், ஒருமுறை ஆடியது போல மறுமுறை ஆடாது. வரைபடத்தில் எதைக் குறிப்பீர்கள்? கடினம் கருவியில் இல்லை தம்பி, அளவீட்டில் இருக்கிறது.

ஒரு மீட்டர் தனி ஊசலின் அலைவுநேரம், அதாவது ஒருமுறை போய்வரும் நேரம், சிறிய வீச்சில் சுமார் 2.01 விநாடி. 30 பாகையில் 2.04, 60-இல் 2.15, 90-இல் 2.37. வீச்சைப் பொறுத்தது அல்ல என்று மனப்பாடம் செய்தோமே, அது இங்கே உடைகிறது. இதை அளந்து காட்டுங்கள்.

ஸ்டாப்வாட்ச் வேண்டாம். இருபது அலைவுகளை எண்ணி வகுக்கும் பழைய தந்திரமும் இங்கே செல்லாது, எண்ணி முடிப்பதற்குள் வீச்சு தேய்ந்துவிடும். ஒரே அலைவைத்தான் அளக்க வேண்டும். செல்பேசியில் விநாடிக்கு 240 படம் எடுத்தால் பிழை சுமார் 0.004 விநாடி. குண்டு அடிப்புள்ளியை வலப்பக்கமாகக் கடக்கும் படத்திலிருந்து, மறுபடி அதே பக்கமாகக் கடக்கும் படம் வரை எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணாதீர்கள்; அங்கே குண்டு தயங்கி நிற்கும், எந்தப் படத்தில் திரும்பியது என்று சொல்லவே முடியாது. அந்த அலைவின் இரு ஓரக் கோணங்களின் சராசரிதான் உங்கள் வீச்சு.

நூலைக் கம்பியில் சுற்றிக் கட்டாதீர்கள். ஆடும்போது நூல் கம்பியைத் தழுவி நீளம் மாறும். இரண்டு தட்டையான பலகைத் துண்டுகளுக்கிடையே இறுக்குங்கள். நீளம் குண்டின் மையம் வரை. எஃகுக் குண்டு நல்லது, காற்றுத்தடை அதைக் குறைவாகவே பாதிக்கும். கையால் விடாதீர்கள், குண்டை இன்னொரு நூலால் இழுத்துக் கட்டி, அதைத் தீக்குச்சியால் எரியுங்கள். கை விட்டால் பக்கவாட்டில் தள்ளிவிடும், குண்டு நீள்வட்டமாகச் சுற்றும்.

அளந்த அலைவுநேரத்தைச் சிறிய வீச்சின் அலைவுநேரத்தால் வகுத்து, அந்த விகிதத்தை, ரேடியனில் வீச்சுக் கோணத்தின் இருமடிக்கு எதிராக வரையுங்கள். தொடக்கத்தில் 1/16 சாய்வுள்ள நேர்கோடு வரும். 60 பாகையை நெருங்கும்போது கோடு மேல்நோக்கி வளையத் தொடங்கும், 90-இல் நன்றாகத் தெரியும். அந்த வளைவைப் பிழை என்று அழித்துவிடாதீர்கள்! அலைவுநேரச் சூத்திரத்தில் கோணத்தின் இருமடிக்கு அடுத்து வரும் உறுப்பு (நான்மடி) அங்கேதான் தலைகாட்டுகிறது. 90-க்கு மேல் மட்டும் போகாதீர்கள், நூல் தொய்ந்து குண்டு வெட்டி இழுக்கும்.