‘40’ வடிவத்தில் கொலாஜ்: எந்த மென்பொருளை வாங்குவது?

கேள்வி: அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு ஒரு கொலாஜ் செய்து தர ஆசை. ‘40’ என்ற எண்ணுக்குள் எழுபது குடும்பப் படங்கள் நிறைந்திருக்க வேண்டும். 18 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவில் அச்சிட்டுச் சட்டம் போடப் போகிறேன். ‘இலவசம்’ என்று சொன்ன ஓர் இணையதளத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடுக்கி முடித்தேன். பதிவிறக்கப் போனால் சந்தா கேட்கிறது. கட்டாவிட்டால் படத்தின் நடுவில் அவர்கள் பெயர் பெரிதாக விழுகிறது. போட்டோஷாப் வாங்கிவிடு என்கிறார் நண்பர். என்னிடம் உள்ள படங்களில் பாதி வாட்ஸ்அப்பில் வந்தவை. எதை வாங்கட்டும்?

பதில்: இந்த ஒரு வேலைக்கு எதையும் வாங்க வேண்டாம்.

மூன்று மணி நேர உழைப்பு வீணாய்ப் போனதைப் படிக்கும்போது எனக்கும் மனம் கஷ்டப்பட்டது. இனி எந்தத் தளமானாலும் செயலியானாலும், முதலில் இரண்டே இரண்டு படங்களைப் போட்டு உடனே பதிவிறக்கிப் பாருங்கள். பெயர் முத்திரை விழுகிறதா என்று தெரிந்துவிடும். அந்தக் கோப்பின் விவரத்தில் பிக்சல் அளவையும் பாருங்கள். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் உங்களுக்கு 5,400 × 3,600 பிக்சல் வேண்டும். இலவசம் என்று சொல்லிவிட்டு, திரையில் பார்க்க மட்டுமே போதுமான சிறிய கோப்பைக் கையில் கொடுக்கும் தளங்கள் உண்டு.

போட்டோஷாப் அருமையான கருவிதான். அன்றாடம் படத்தோடு வேலை செய்பவர் தாராளமாகச் சந்தா கட்டலாம். ஆனால் 2013-க்குப் பிறகு அதன் புதிய பதிப்புகள் சந்தா முறையில்தான் கிடைக்கின்றன. மாதாமாதம் பணம் போகும் திட்டங்களில் ஒன்று உண்மையில் ஓராண்டு ஒப்பந்தம். நடுவில் விலகினால் அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஒரே ஒரு பரிசுக்காக அந்த ஒப்பந்தத்தில் நுழைய வேண்டாம் என்பேன்.

உங்களுக்குத் தேவை ‘மாஸ்க்’ என்கிற ஒரே வசதி. எண்ணின் வடிவத்துக்குள் இருப்பதைக் காட்டி, வெளியே இருப்பதை மறைப்பது அதன் வேலை. 1996 முதல் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் (GIMP) என்ற மென்பொருளில் அது இருக்கிறது. எதையும் நிறுவாமல் உலாவியிலேயே இயங்கும் போட்டோபீ (Photopea) தளத்திலும் இருக்கிறது. போட்டோபீயின் இலவசப் பதிப்பில் ஓரமாக விளம்பரம் வரும், அவ்வளவுதான்.

கிம்ப்பில் செய்யும் வழி இது. 5,400 × 3,600 பிக்சலில் புதிய படம் திறந்து, இருப்பதிலேயே தடிமனான எழுத்துருவில் ‘40’ என்று அடியுங்கள். மெலிந்த எழுத்துருவைத் தொடவே தொடாதீர்கள். கோடு ஒல்லியானால் உள்ளே முகம் நிற்காது. லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி; குரூப் என்பது அவற்றின் தொகுப்பு. பிறகு ஒரு லேயர் குரூப் உருவாக்கி, அதற்குள்ளேயே அடியில் முழு அளவுள்ள ஒரு லேயரை வைத்து ஏதாவது ஓர் அடர்நிறத்தால் நிரப்புங்கள். படங்களுக்கு இடையே விடுபடும் சந்துகளை அந்த நிறம் மூடிவிடும். அடுத்து எழுத்து லேயரில் வலது கிளிக் செய்து ‘ஆல்ஃபா டு செலக்‌ஷன்’ கொடுங்கள். தேர்வு இருக்கும்போதே குரூப்புக்கு லேயர் மாஸ்க் சேர்த்து, ‘செலக்‌ஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி அந்த குரூப்புக்குள் எந்தப் படத்தைப் போட்டாலும் ‘40’-க்குள் மட்டுமே தெரியும். படத்தை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம், மாற்றலாம். எதுவும் வெட்டுப்பட்டுத் தொலைந்துபோகாது. போட்டோபீயில் எழுத்து லேயருக்கு மேலே படங்களை வைத்து ‘கிளிப்பிங் மாஸ்க்’ கொடுத்தால் இதே பலன் கிடைக்கும்.

வாட்ஸ்அப் படங்களை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். தடித்த ‘40’-இல் ஒரு கோட்டின் அகலம் சுமார் இரண்டரை அங்குலம் வரும். அந்த அகலத்தில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குலம். அதாவது 375 பிக்சல். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும் படத்திலும் நீளப் பக்கம் பொதுவாக 1,600 பிக்சல் அளவில் இருக்கும். நாலில் ஒரு பங்காக வெட்டினாலும் தாங்கும். அதனால் ‘தெளிவைக் கூட்டித் தருகிறோம்’ என்று விற்கும் மென்பொருளுக்கும் செலவழிக்காதீர்கள். பலமுறை கைமாறி வந்து ஏற்கெனவே மங்கிப்போன படம் மட்டும் தேறாது. அதற்கு மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றேகால் அங்குலத்தில் இருபது பேர் நிற்கும் குழுப்படத்தைப் போட்டால் யாரையும் அடையாளம் தெரியாது. இரண்டு மூன்று முகங்கள் மட்டும் வரும்படி வெட்டி வையுங்கள். கோட்டில் இரண்டே வரிசை என்பதால் ஏறக்குறைய எல்லாப் படமும் ஓரத்தைத் தொடும். ஒவ்வொன்றிலும் முகம் உள்பக்கமாக வரும்படி நகர்த்துங்கள். வளைவிலும் முனையிலும் மிஞ்சும் துண்டு இடங்களுக்குப் பூ, வானம், வீட்டுச் சுவர் போன்ற முகமில்லாத படங்கள் கைகொடுக்கும். பரிசைப் பிரிக்கும்போது பாதி வெட்டுப்பட்ட முகமாக யாரும் இருக்கக் கூடாது, அல்லவா? இந்த நகர்த்தும் வேலைக்கு ஒரு மாலைப் பொழுதையே ஒதுக்குங்கள்.

இன்னொன்று, பலர் அச்சிட்ட பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள். வெள்ளைத் தாளில், ஓரத்துப் படங்களின் பின்னணியும் வெளுத்திருந்தால் எண்ணின் விளிம்பு கரைந்துபோகும். ‘40’ என்பதே புலப்படாது. அடர்நிறப் படங்களை ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் தாளின் பின்னணிக்கு ஒரு நிறம் கொடுங்கள். திரையில் படத்தைக் கட்டை விரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் எண் தெரிந்தால் சரி.

அச்சகத்துக்கு ஜேபெக் கோப்பு போதும். லேயர்களோடு கூடிய மூலக் கோப்பையும் சேமித்து வையுங்கள். விட்டுப்போன ஒருவரைக் கடைசி நாளில் சேர்க்க அதுதான் உதவும்.

கேள்வி: கொலாஜ் செய்வதற்காகக் கைப்பேசியில் ஒரு செயலியை ஏழு நாள் இலவசச் சோதனையில் போட்டேன். வேலை முடிந்ததும் நீக்கிவிட்டேன். இனி பணம் பிடிக்க மாட்டார்கள்தானே?

பதில்: பிடிப்பார்கள். செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் உங்கள் கணக்கின் சந்தாப் பகுதிக்குப் போய் அங்கே ரத்து செய்ய வேண்டும். ஆப்பிள் சாதனமென்றால் சோதனைக் காலம் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே செய்துவிடுங்கள். இதைப் படித்த கையோடு போய்ப் பாருங்கள்.